மாப்பிள்ளை கொண்டுவந்த பாய்மரப் படகு

காஞ்சிபுரத்தில் கடல் கிடையாது. பாலாறு இருக்கிறது, அதில் வருஷத்தில் பாதி நாள் மாடு மேய்கிறது. இப்படிப்பட்ட ஊரில் ஒருத்தன் பாய்மரப் படகைக் கொண்டுவந்து தெருவில் இறக்கினால் அவனை என்ன சொல்வது? நான் சொன்னதை அச்சில் போட முடியாது.

கொண்டுவந்தவன் என் தங்கையின் கணவன். ஊருக்கு அவன் எங்கள் வீட்டு மாப்பிள்ளை. எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரிந்தவன், என்னைவிடச் சின்னவன். அதனால் எங்களுக்குள் மாப்பிள்ளை மரியாதையெல்லாம் கிடையாது. நான் திட்டுவேன், அவன் திரும்பத் திட்டுவான், பிறகு இரண்டு பேரும் டீ குடிப்போம். அவன் பட்டு நெசவு. நான் ஐயம்பேட்டை போகும் சாலையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி, இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இரண்டு பேருக்கும் தெரிந்தது கிணற்று நீச்சல் மட்டும். படகில் கால் வைத்ததுகூட இல்லை.

கோவளம் பக்கம் ஒரு வீட்டுக்குக் கல்யாணப் புடவைகள் கொடுக்கப் போயிருக்கிறான். இடிக்கப் போகிற பழைய வீடு. தோட்டத்தில் இந்தப் படகு கவிழ்ந்து கிடந்திருக்கிறது, அடியில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததாம். இவன் நின்று பார்த்ததும் வீட்டுக்காரர், "வேணும்னா எடுத்துட்டுப் போங்க, இல்லன்னா விறகுக்குப் போயிடும்" என்றிருக்கிறார். உடனே ஒரு குட்டியானை வண்டி பிடித்து ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். பாய்மரம் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. போலீஸ் பிடிக்கக் கூடாதென்று அதன் நுனியில் ஒரு சிவப்புப் பட்டுத் துண்டைக் கட்டியிருந்தான். ஏதோ கோயில் கொடிமரம் போகிறதென்று வழியில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்களாம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். என் தங்கை அப்போது இரண்டு வருஷமாகப் புனேயில் இருந்தாள். மகளுக்கும் மருமகனுக்கும் அங்கே கம்ப்யூட்டர் வேலை. பேரன் பிறந்ததும் பார்த்துக்கொள்ளப் போனாள். மூன்று மாதம் என்று சொல்லிப் போனவள் அங்கேயே தங்க வேண்டியதாகிவிட்டது. இவனையும் வரச் சொன்னார்கள். போனான், ஒரு மாதம் இருந்தான், திரும்பி வந்துவிட்டான். தறியில் பாவு பாதியில் நிற்கிறது என்றான். அந்தப் பாவு நெய்து முடிந்தது. அடுத்ததை ஏற்றினான். அப்புறம் பல் வலி என்றான். அப்புறம் கோயிலில் உற்சவம் என்றான். படகு வந்த அன்று மகளிடம் போனில் இப்படிச் சொன்னான்:

"இதை மட்டும் ரெடி பண்ணி ஒரே ஒரு தடவை தண்ணியில ஓட்டிட்டு வந்துடறேம்மா. சத்தியமா. அப்பால உங்களோடதான்."

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். படகு ஓடினால் இவன் போய்விடுவான். ஓடாதவரைக்கும் இருப்பான். அவன் போகக் கூடாதென்பது என் எண்ணம். அதை வாயால் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. "உருப்படாத கட்டை, இதுல நீ என்னாத்த ஓட்டப் போற" என்று மட்டும் சொன்னேன்.

படகு அவன் தெருவில் ஒரு நாள்கூட நிற்கவில்லை. அது நெசவாளர் தெரு. விடியற்காலையில் தெரு நீளத்துக்கும் பாவு விரிப்பார்கள். பட்டு இழைகளை இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் இழுத்துக் கட்டிச் சீர் செய்கிற வேலை. அந்த நேரத்தில் சைக்கிளில் போகிறவன்கூட இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவான். எதிர்வீட்டு அம்மா பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் நடுத்தெருவில் படகு.

"இன்னாபா இது? நான் பாவு எங்க விரிக்கறது, உன் கப்பல் தலை மேலயா?"

"கப்பல் இல்லக்கா, படகு."

"எதுவா இருந்தா இன்னா? தெப்பம் விடணும்னா கொளத்துக்கு எடுத்துக்கினு போ. எனக்குத் தெரு வேணும்."

அவள் சொன்னது நியாயம். தெருக்காரர்களே கைகொடுத்துத் தூக்கி மறுபடி வண்டியில் ஏற்றினார்கள். ஒரு கிழவர், "பாலாத்துல விடப்போறீங்களா? சக்கரம் வெச்சிக்கினு போங்க" என்று யோசனையும் சொல்லி அனுப்பினார். வண்டி நேராக என் பட்டறைக்கு வந்து நின்றது. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பட்டறையும் வீடும் ஒரே மனையில்தான். முன்னறையில் என் மனைவி ரவிக்கை தைத்துக்கொடுக்கிறாள். எட்டிப் பார்த்தவள், "அண்ணா, இது எத்தினி நாளைக்கு இங்க இருக்கும்?" என்று கேட்டாள். என் தங்கை கணவனை அவள் அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

"ஒரு மாசம்மா."

"அப்ப ஒரு வருஷம்" என்று சொல்லிவிட்டுப் போய் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

இரும்புதான் என் வேலை. இரும்பு நாணயமான பொருள். துருப்பிடித்தால் வெளியே காட்டிவிடும். பிளைவுட் அப்படி இல்லை. மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே செத்துக் கிடக்கும். ஸ்க்ரூடிரைவர் பிடியால் படகு முழுக்கத் தட்டிப் பார்த்தேன். நல்ல இடத்தில் டங்கென்று சத்தம் வந்தது. இற்றுப்போன இடத்தில் ஈர மூட்டையைத் தட்டியதுபோல் இருந்தது. சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொண்டே வந்தேன். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் குறி இல்லாத இடம்தான் குறைச்சல்.

"மாப்ள, இதை ரிப்பேர் பண்றதுக்கு பதிலா புதுசா செஞ்சிடலாம்டா."

"செய்யத் தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"அப்ப ரிப்பேர் பண்ணு."

படகின் நடு வயிற்றில் நீளமாக ஒரு பிளவு இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஓட்டைப் படகை இவன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அந்த வீட்டுக்காரரைத் திட்டினேன். பிளவை மூட அளவெடுத்துத் தகடுகூட வெட்டிவிட்டேன். அன்று சாயங்காலம் அவன் செல்போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டு ஓடிவந்தான். அது ஓட்டை இல்லையாம். ஒரு பலகையை அதன் வழியாகத் தண்ணீருக்குள் இறக்குவார்களாம். அது இல்லாவிட்டால் படகு முன்னால் போகாமல் பக்கவாட்டில் நழுவுமாம்.

"அந்தப் பலகை எங்க?" என்றேன்.

"எந்தப் பலகை?"

"வண்டியில கூடவே வந்துச்சே, நீட்டா ஒண்ணு."

அவன் தலையைச் சொறிந்தான். வாசற்படியில் மொபெட்டை ஏற்றி இறக்க அதைத்தான் போட்டு வைத்திருந்தான்.

கோடை முழுவதும் இதே வேலை. காலையில் அவன் தறியில் இருப்பான், நான் கிரில் அடிப்பேன். மத்தியானச் சோறு ஆனதும் வந்துவிடுவான். இற்ற இடங்களை வெட்டி எடுத்துப் புதுப் பலகை வைத்தோம். மேலே ஃபைபர் துணி விரித்து ரெசின் பூசினோம். ரெசினில் ஹார்டனர் கலந்தால் அது இறுகிக் கல்லாகும். சித்திரை வெயிலில் எவ்வளவு சீக்கிரம் இறுகும் என்று டப்பாவில் எழுதவில்லை. நான் ஒரு பிளாஸ்டிக் மக்கு நிறையக் கலந்துவைத்துவிட்டு பீடி பற்றவைக்கத் திரும்பினேன். மக்கு என்னைவிட முன்னால் புகைவிட்டது. தூக்கித் தெருவில் எறிந்தேன். "கஞ்சி காச்சத் தெரியாதவன் கையில அடுப்பைக் குடுத்தா இப்படித்தான்" என்றான் அவன். பிறகு அந்த வேலையை என்னிடம் தரவில்லை. டீ கிளாஸில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, துணியின் மேல் உள்ளங்கையால் நீவி, ஒரு சுருக்கமோ கொப்புளமோ இல்லாமல் ஒட்டினான். துணி விஷயத்தில் அவன் அப்படித்தான். துணியென்றால் தட்டையாக, நேராக, ஒரே சீராக இருக்க வேண்டும்.

நான் எஸ்.எஸ். கம்பியில் பாய்மரத்துக்குப் பிடிகள் செய்தேன். அவை கேட்டுக்குப் போடும் கொண்டி மாதிரிதான் வந்தன. பரவாயில்லை, பிடித்தன. பெயின்டுக்கு வெள்ளை போதுமென்றேன். அவன் கேட்கவில்லை. உடம்புக்கு அரக்கு, மேல் ஓரத்தில் மாம்பழ மஞ்சளில் பட்டையாக ஒரு பார்டர். பார்க்க வந்த நெசவுக்காரர்கள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். "பார்டர் நல்லா இருக்குது. முந்தானை எங்கபா?" என்றார் ஒருவர். இவன் வெட்கமே இல்லாமல், "பின்னால சுக்கான்ல வரும்ணா" என்றான். சொன்னபடி, படகைத் திருப்புகிற சுக்கான் பலகையில் இரண்டு மாங்காய்ப் புட்டாவும் போட்டான்.

ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம் தங்கை என்னைக் கூப்பிட்டாள். பொதுவாக அவள் அவன் போனுக்குத்தான் வீடியோ போடுவாள். நானும் பக்கத்தில் இருப்பேன், எல்லோரும் கத்துவோம். அன்று எனக்கு மட்டும் வெறும் கால் வந்தது. பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம்.

"குழந்தை தூங்குதா?" என்றேன்.

"தூங்குது. அண்ணா, அந்த மரக்கட்டை எப்ப முடியும்?"

"முடியும், முடியும். ஏன், இன்னா?"

"ஒண்ணும் இல்ல. இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்குது. மருமவன் தங்கமான புள்ள. ஆனா எல்லாம் இந்தி, இங்கிலீஷு. நான் வாயைத் தொறந்து ஒருத்தர்கூட சண்டை போட்டு ரெண்டு வருஷம் ஆவுதுணா. பொண்ணு அழுவா. மருமவன் பயப்படுவாரு. குழந்தைகிட்டயா போடறது? சாயங்காலம் ஆனா பால்கனியில நின்னுக்கினு கீழ போற காரையெல்லாம் பாக்கறேன்."

என் தங்கை அழுகிற ரகம் கிடையாது. சின்ன வயதில் என்னைக் கரண்டியால் அடித்தவள்.

"அவரு வருவாரா? என்கிட்ட நிஜத்தைச் சொல்லு."

"வருவான்" என்றேன். "நான் அனுப்பறேன்."

போனை வைத்த பிறகுதான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று உறைத்தது. வாயில் வந்ததைச் சொல்கிறவனுக்கு இதுதான் கஷ்டம். சொன்னதைச் செய்ய வேண்டியிருக்கிறது.

கடைசியாக மிஞ்சியது பாய். பழைய பாய் பூஞ்சணம் பிடித்து ஒரு மூட்டையில் கிடந்தது. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசினோம். துணி கெட்டியாகத்தான் இருந்தது, தையல் நூல் இற்றிருந்தது. பிரித்து மறுபடி தைத்தால் போதும் என்றான். நீள நீளப் பட்டைகளாக வெட்டி ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்த பாய் அது. பிரித்துத் தரையில் போட்டுப் பார்த்தால் எந்தப் பட்டையின் ஓரமும் நேராக இல்லை. முக்கால்வாசி தூரம் நேராக வந்து, நுனியில் ஒரு விரல் அகலத்துக்கு வளைந்து ஒதுங்கியது. ஒரு பட்டை இல்லை, எல்லாப் பட்டையும்.

"எவனோ குடிச்சிட்டு வெட்டியிருக்கான் மச்சான்" என்றான். அவனுக்கு நிஜமாகவே முகம் சுளித்துவிட்டது.

நூல் பிடித்தோம். நான் என் நீள ஸ்கேலை வைத்து அழுத்திக்கொள்ள, அவன் வெட்டினான். எல்லா ஓரத்தையும் நேராக்கினோம். சீட் கவர் தைக்கிற கடையில் கொடுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்து தைத்து வாங்கினோம். பட்டறைத் தரையைக் கழுவிவிட்டு விரித்தோம். புதுப் புடவையை மேசைமேல் விரித்ததுபோல் கிடந்தது. ஒரு மேடு இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. அவன் மண்டியிட்டு அதன்மேல் கையை ஓட்டினான். எனக்கும் பெருமையாக இருந்தது. மேஸ்திரி போட்ட தரைகூட அவ்வளவு சமமாக இருக்காது.

கார்த்திகை மழையில் ஏரிகள் நிரம்பின. பொங்கல் கழிந்ததும் வாலாஜாபாத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய ஏரிக்குக் கொண்டுபோனோம். மீன் குத்தகை எடுத்தவர்களிடம் கேட்டுக்கொண்டோம். "வலைக்குள்ள வந்தீங்கன்னா மீனோட சேத்து எடைபோட்டு வித்துருவோம்" என்று சொல்லிவிட்டு அனுமதி கொடுத்தார்கள். லாரி டியூப் ஆளுக்கொன்று மாட்டிக்கொண்டோம். படகு மிதந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. அந்த நிமிஷம் நான் செத்திருந்தாலும் பரவாயில்லை.

பிறகு பாயை ஏற்றினோம். காற்று கொஞ்சம் இருந்தது, கரையில் பனையோலை ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பாய் சினிமா போஸ்டர் மாதிரி விறைத்து நின்றது. இந்தப் பக்கம் திருப்பினால் படபடவென்று அடித்துக்கொண்டது. அந்தப் பக்கம் திருப்பினால் சும்மா நின்றது. படகு மெல்ல நகர்ந்து கோரைப் புதருக்குள் போய்ச் சொருகிக்கொண்டது. மூங்கிலால் தள்ளி வெளியே வந்தோம். மறுபடி அதே கோரை.

"அண்ணே, ஹாரன் அடிங்க, வழி விடும்!" என்று கரையிலிருந்து ஒருத்தன் கத்தினான்.

"உள்ள எறங்கித் தள்ளுங்க!" இது இன்னொருத்தன்.

மூங்கிலை ஊன்றி ஊன்றியே கரைக்கு வந்தோம். அவன் பாயைச் சுருட்டினான். "போவட்டும் மச்சான். இன்னா தப்புன்னு தெரியல. அடுத்த மழைக்குப் பாத்துக்கலாம்" என்றான்.

அடுத்த மழை என்றால் இன்னும் ஏறக்குறைய ஒரு வருஷம். வழியில் வண்டியை நிறுத்தி அவனுக்கு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அதை மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது.

பாய் நனைந்திருந்ததால் பட்டறையில் கொடி கட்டிக் காயப்போட்டிருந்தேன். ஒரு வாரம் கழித்து என் மனைவி ஊக்கு டப்பாவைத் தேடிக்கொண்டு வந்தவள் அதன்முன் நின்றாள்.

"இதுல டாட் எங்க?"

"டாட்டா? இது இன்னா ரவிக்கையா?"

"காத்து எங்க போய் உக்காரும்? துணியில ஒரு குழிவு வேணாமா? நெஞ்சுப் பக்கம் துணியை மடிச்சி டாட் பிடிக்காம ரவிக்கை தெச்சிக் குடுத்தா எவளாவது போட முடியுமா? பலகை மாதிரி இல்ல நிக்கும்."

பலகை மாதிரி. அப்படித்தான் நின்றது. அந்தக் கோணல் ஓரங்கள் எனக்கு ஞாபகம் வந்தன. ஒவ்வொரு பட்டையிலும் ஒரு விரல், ஒரே இடத்தில். குடித்துவிட்டு வெட்டுகிறவன் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் தவற மாட்டான். வளைந்த ஓரங்களைச் சேர்த்துத் தைத்தால் நடுவில் துணி தொப்பையாகத் தொங்கும். அந்தத் தொப்பையில்தான் காற்று இருக்கிறது. எங்கள் ஊரில் தொப்பை விழுந்த துணியை யாரும் வாங்க மாட்டார்கள். அதனால்தான் இரண்டு பேரும் குஷியாக உட்கார்ந்து அதை வெட்டி எறிந்திருக்கிறோம்.

நான் சட்டையைக்கூட மாற்றவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே ஒரு யோசனைதான். சொல்லாமல் இருந்தால் ஒரு வருஷம். தங்கையிடம் அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எந்த நாய் என்னை அப்படிச் சொல்லச் சொன்னது?

அவன் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டபடி, நெய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தான். நான் வாசலிலிருந்தே கத்தினேன். டாட், ரவிக்கை, தொப்பை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவன் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

"தெரியும் மச்சான்" என்றான்.

"இன்னா தெரியும்?"

"அன்னிக்கு ஏரியிலிருந்து வந்ததும் மறுபடி வீடியோ பாத்தேன். அதுல பாய் வயிறு மாதிரி உப்பிக்கினு இருக்குது. அப்பவே தெரிஞ்சிடுச்சி."

"தெரிஞ்சா ஏன்டா சொல்லல?"

பாவுக்குக் குறுக்கே போய்வந்து நூல் போடுகிற நாடாவை அவன் கையில் எடுத்து உருட்டிக்கொண்டிருந்தான். "சொன்னா தெக்கணும். தெச்சா ஓடும். ஓடிச்சின்னா நான் போவணும் இல்ல?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எவன்மேல் என்று தெரியாத கோபம். ஒரு வாரமாக அவனும் வாயை மூடிக்கொண்டிருக்கிறான், நான் பஜ்ஜி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், அவள் அங்கே பால்கனியில் நின்று கார்களை எண்ணுகிறாள். தங்கை சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன். சண்டை போட ஆளில்லை என்றாளே, அதை. அவன் குனிந்துகொண்டான்.

"என்கிட்ட அவ இப்படிச் சொல்லவே இல்ல மச்சான்."

"உன்கிட்ட எப்படிச் சொல்லுவா? நீதான் போனை எடுத்ததும் ரெசினு, பெயின்டுன்னு பேசறியே."

"அங்க எனக்கு இன்னா வேலை மச்சான்? கையை எங்க வெச்சிக்கறதுன்னே தெரியல. லிஃப்ட்ல போறேன், வர்றேன். வாட்ச்மேன்கூட என்கிட்ட வணக்கம் சொல்ல மாட்டான்."

"அவளுக்கு மட்டும் சொல்றானா? எழுந்து வாடா."

அன்றைக்கே பாயைப் பிரித்தோம். வெட்டி எறிந்த துணி திரும்பி வராது. ஆனால் தையலை உள்ளே தள்ளிப் பிடிக்கலாம் என்று என் மனைவி சொன்னாள். சுண்ணாம்புக் கட்டியால் ஒவ்வொரு பட்டையிலும் அவளே வளைவு போட்டுக் கொடுத்தாள். "எவ்ளோ தொப்பை வேணும்ணா, உங்களுது மாதிரியா, இவுருது மாதிரியா?" என்று கேட்டாள். அவனுடையது மாதிரி போதும் என்று முடிவானது. பாய் கொஞ்சம் சிறுத்துவிட்டது. விரித்தபோது தரையில் படியாமல் நடுவில் எழும்பி நின்றது. அவனால் அதைப் பார்க்கவே முடியவில்லை. கை தானாகப் போய் நீவப் பார்த்தது. அடித்து நகர்த்தினேன்.

மாசி மாதம், ஏரித் தண்ணீர் இறங்குவதற்குள் மறுபடி போனோம். அவன் சுக்கானைப் பிடித்தான், நான் பாயின் கயிற்றைப் பிடித்தேன். கயிற்றை இழுத்ததும் பாய் ஒரு தடவை படபடத்தது. பிறகு சத்தம் நின்றுவிட்டது. பாய் மூச்சை இழுத்துப் பிடித்ததுபோல் உப்பியது. கயிறு என் கையில் திடீரென்று கனத்தது. படகு ஒரு பக்கம் சாய்ந்தது. நான் ஐயோ என்று கத்தினேன். கீழே சலசலவென்று ஒரு சத்தம். அது படகுக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கரையில் இருந்தவர்கள் விசிலடித்தார்கள். கிண்டலா, பாராட்டா தெரியாது. திரும்பிப் பார்த்தேன். அவன் வாயைத் திறந்துகொண்டு பாயையே அண்ணாந்து பார்த்தபடி இருந்தான். கண் ஓரமெல்லாம் ஈரம். காற்றால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நடு ஏரிக்கு வந்ததும், "மச்சான், டிக்கெட் போடச் சொல்லட்டுமா?" என்றான்.

"போடச் சொல்லு" என்றேன். கயிற்றைக் கெட்டியாகப் பிடிக்க வேண்டியிருந்ததால் அவன் பக்கம் திரும்பவில்லை.

போவது சுலபம், திரும்புவதுதான் கஷ்டம் என்று எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. காற்று எங்கள் கரையிலிருந்து வந்துகொண்டிருந்தது. கரையைப் பார்த்துத் திருப்பினால் படகு அப்படியே நின்றது. நான் வீடியோவைத் திட்டினேன். அவன்தான் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நேரா போவாது மச்சான். நாடா மாதிரி குறுக்க குறுக்கத்தான் போவணும்" என்றான். ஏரியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம், அங்கே திரும்பி மறுபடி இந்த ஓரம். ஒவ்வொரு தடவைக்கும் பத்தடி கரை நெருங்கும். திரும்பும்போதெல்லாம் பாயின் அடியில் கட்டியிருந்த குறுக்குக் கழி என் மண்டையில் அடித்தது. "குனி, குனி" என்று அவன் கத்துவான், அடித்த பிறகு. வழியில் மீன்காரர்களின் வலையை ஒரு தடவை உரசினோம். அவர்கள் எங்கள் இரண்டு பேர் குடும்பத்தையும் திட்டினார்கள். நாங்களும் பதிலுக்குத் திட்டினோம். மத்தியானச் சோற்று நேரம் போய், சாயங்கால டீ நேரமும் போய்விட்டது. எனக்கு அவசரம் எதுவும் இல்லை.

பங்குனியில் அவன் கிளம்பினான். பாயில் மிச்சப்பட்ட துணி, மெழுகு நூல், தடித்த ஊசி எல்லாவற்றையும் பையில் வைத்துக்கொண்டான். பேரனுக்கு ஏதோ தைக்கப் போகிறானாம். ரயில் நிலையத்தில் எனக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தினான். பாயை மடிக்காதே, சுருட்டு. படகைக் கவிழ்த்து வை, ஆனால் தரையில் வைக்காதே. உன் வெல்டிங் பொறி பட்டால் ரெசின் பற்றிக்கொள்ளும். நான் கேட்காததுபோல் நின்றேன். ஜன்னல் வழியாக, "மழை வந்தா போன் பண்ணு" என்றான். "புனேயில மழையே பெய்யாதா, இங்க பெய்யறதைக் கேக்கறதுக்கு?" என்றேன். ரயில் போய்விட்டது.

இப்போது படகு என்னுடையது. அவன் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனான். ஒருத்தனாக அதைப் புரட்டக்கூட முடியாது. ஆனாலும் வைகாசியில் அடிப்பக்கம் கொப்புளம் கிளம்பிய இடத்தைச் சுரண்டிப் புதுசாகப் பூசினேன். டீ கிளாஸில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலந்தேன். பிடிகளை எண்ணெய் போட்டுத் துடைத்தேன். சுக்கானில் ஒரு புட்டா உரிந்துவிட்டது. அதை அவனைப்போல் வரையத் தெரியாததால் அப்படியே விட்டுவிட்டேன்.

போன வாரம் இங்கே நல்ல மழை. பட்டறையைச் சாத்திவிட்டு வண்டியில் ஏரிக்குப் போனேன். ஏரிக்கரைமேல் ஏறி நின்று அவனைக் கூப்பிட்டேன்.

"மாப்ள, மதகுவரைக்கும் ஏறிடுச்சி தண்ணி."

அவன் கேட்டான்: "காத்து எந்தப் பக்கத்திலிருந்து வருது?"

நான் தண்ணீரைப் பார்த்தேன். எதிர்க்கரையிலிருந்து சின்னச் சின்ன அலையாக என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவனுக்கு அதைச் சொன்னேன்.